ரியூப்பா, முழுக்கைச் சட்டையா? வன்னி வெயிலில் தோல் நோயாளி எதை நம்புவது

என் கிளினிக் கொப்பியிலும் என் பெரியம்மாவின் மகளான அக்காவின் கொப்பியிலும் ஒரே வரிதான் எழுதியிருந்தது: தினமும் சன்ஸ்கிறீன் பூசவும், வெயிலைத் தவிர்க்கவும். எனக்கு முகத்தில் மங்கு. ஆறு வருடமாக இரு கன்னத்திலும் மேலுதட்டுக்கு மேலும் கரும்பழுப்பாகப் படர்ந்திருக்கிறது. அக்காவுக்கு டிஸ்கொயிட் லூபஸ், வெயில் பட்ட தோலில் தழும்பு விழும் நோய். நான் ஆசிரியை, கிளிநொச்சியிலிருந்து மோட்டார் சைக்கிளில் பள்ளிக்கூடம் போய் வருகிறேன். அக்கா விசுவமடுவில் கச்சானும் மிளகாயும் செய்கிறார். இருவரும் ஒரே பாமசியில், ஒரே நாளில், ஒரே ரியூப்பை வாங்கினோம். அக்காவின் ரியூப் ஆறு நாளில் தீர்ந்துவிட்டது. என்னுடையது மூன்று மாதம் வந்தது. இரண்டு பேருக்கும் பலன் கிடைக்கவில்லை.

அக்காவுடையது ஆறு நாளில் தீர்ந்ததற்குக் காரணம், அவர் சொன்னபடியே செய்ததுதான். முகம், கழுத்து, காது, முழங்கைக்குக் கீழே இரண்டு கைகள் என்று எல்லா இடத்திலும் தாராளமாகப் பூசினார். மத்தியானம் வியர்வையைத் துடைத்துவிட்டு மறுபடியும் பூசினார். ஆறாம் நாள் ரியூப்பைக் கத்தரிக்கோலால் வெட்டி, உள்ளே ஒட்டியிருந்ததையும் விரலால் வழித்தெடுத்தார். ஏழாம் நாள் பூச ஒன்றுமில்லை. அடுத்த ரியூப் வாங்கக் கையில் காசும் இல்லை. என் கதை இதற்கு நேர்மாறு. ஒரு கச்சான் பருப்பளவு எடுத்து முகம் முழுவதற்கும் இழுத்துத் தேய்த்தேன். ஒரு நாளும் தவறவிடவில்லை, ஆனால் ஒரு நாளும் போதுமான அளவு பூசவுமில்லை.

இந்த அளவு விடயத்தை யாராவது தொடக்கத்திலேயே சொல்லியிருந்தால் இருவரும் பணத்தையும் மாதங்களையும் இழந்திருக்க மாட்டோம். எஸ்.பி.எஃப். என்பது வெயிலில் எரியாமல் ஒரு கிறீம் எவ்வளவு காக்கும் என்பதைக் காட்டும் அளவு. ரியூப்பில் அச்சிட்டிருக்கும் எஸ்.பி.எஃப். 50 என்ற எண், ஆய்வுகூடத்தில் தோலின் ஒவ்வொரு சதுர சென்ரிமீற்றருக்கும் 2 மில்லிகிராம் வீதம் பூசிப் பார்த்து எடுத்த எண். முகத்துக்கும் கழுத்துக்கும் அந்த அளவு வேண்டுமென்றால் சுட்டுவிரல், நடுவிரல் இரண்டின் நீளத்துக்கும் இரண்டு கோடு பிதுக்க வேண்டும். ஒரு கிராமுக்குச் சற்று மேலே வரும். மனிதர்கள் சாதாரணமாகப் பூசுவது இதில் கால்வாசியிலிருந்து அரைவாசிதான் என்று பல நாடுகளில் அளந்து பார்த்திருக்கிறார்கள். அப்படிப் பூசினால் 50 என்ற எண் 50ஆக இருக்காது. பாதிக்கும் கீழே இறங்கிவிடும். எஸ்.பி.எஃப். 30 சரியான அளவில் பூசினால் எரிக்கும் கதிர்களில் 97 சதவீதத்தைத் தடுக்கும், 50 தடுப்பது 98 சதவீதம். இடையில் ஒரு சதவீதம்தான் வித்தியாசம். ஆகவே பெரிய எண்ணுக்குக் கூடுதல் காசு கொடுத்து மெல்லியதாக இழுப்பதைவிட, 30ஐ வாங்கித் தடிப்பாகப் பூசுவது எவ்வளவோ மேல்.

இனிக் கணக்குப் பார்ப்போம். முகமும் கழுத்தும் ஒரு தடவைக்கு ஒன்றேகால் கிராம் என்று வைத்தால், நாளுக்கு ஒரு முறை பூசுகிறவருக்கு 50 கிராம் ரியூப் நாற்பது நாள் வரும். இரண்டு முறை பூசினால் இருபது நாள். இரண்டு முன்கைகளையும் புறங்கைகளையும் சேர்த்து இரண்டு முறை பூசினால் ஐந்தாறு நாளில் காலி. அக்காவின் ஆறு நாள் இப்படி வந்ததுதான். நான் வாங்கிய ரியூப்பின் விலை 3,000 ரூபாய்க்குச் சற்று மேல். களை பிடுங்கப் போகிற ஒரு பெண்ணுக்கு அது ஏறத்தாழ இரண்டு நாள் கூலி. ஆறு நாளுக்கு ஒருமுறை இரண்டு நாள் கூலியைக் கொடு என்று எந்தக் குடும்பத்திடமும் கேட்க முடியாது. கிளினிக்கில் வைத்தியரைப் பார்ப்பதும் மாத்திரையும் இலவசம். ஆனால் எங்கள் இருவருக்கும் இந்த ஒன்றை மட்டும் வெளியே வாங்கும்படி துண்டில்தான் எழுதித் தந்தார்கள்.

வெயிலைத் தவிர்ப்பது என்ற பாதியையும் வன்னிக்குப் பொருத்திப் பார்க்க வேண்டும். நாங்கள் இருப்பது நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஒன்பது பாகையை ஒட்டி. ஏப்ரல் நடுப்பகுதியிலும் ஓகஸ்ட் கடைசியிலும் சூரியன் நேர் உச்சிக்கு வந்துவிடும். மார்கழியில் வெயில் குறைவு என்று நினைப்போம். அது சூட்டை வைத்துச் சொல்வது. டிசெம்பரிலும் நண்பகல் சூரியன் அடிவானிலிருந்து 57 பாகைக்கு மேலே நிற்கிறது. நிழல் ஆளின் உயரத்தைவிடக் குட்டையாக இருக்கும்போதெல்லாம் புற ஊதாக் கதிர் பலமாக இருக்கிறது என்பது கைக்கணக்கு. டிசெம்பர் நண்பகலில் ஐந்தடி ஆளின் நிழல் மூன்றடியைத்தான் சற்றுத் தாண்டும். ஆக, வருடத்தில் எந்த மாதமும் எங்களுக்கு விடுமுறை இல்லை. மெல்லிய மேகமும் நம்ப முடியாத நண்பன்தான். புற ஊதாக் கதிரில் 80 சதவீதம் வரை அதைத் தாண்டி இறங்கும். பெரும்போக மூட்டத்தில் குளிர்ச்சியாக நின்று நாற்று நடுகிறவருக்கு முகம் எரிவது இதனால்தான்.

அக்காவுக்கு எது பொருந்தும் என்பதை முதலில் எடுத்துக்கொள்கிறேன். அவருடைய நோய் அழகுப் பிரச்சினை அல்ல. டிஸ்கொயிட் லூபஸ் வெயில் பட்ட இடத்தில் வட்டமாகத் தடித்து, செதில் விட்டு, ஆறும்போது தழும்பாகிறது. எங்கள் நிறத்தில் அந்தத் தழும்பு நடுவில் வெளிறியும் ஓரத்தில் கறுத்தும் நிற்கும். அக்காவின் இடது காதுக் குழிக்குள் ஒரு ரூபாய் நாணயத்தைவிடச் சிறிய ஒரு வட்டம் இருக்கிறது. விரலால் தொட்டால் தோல் அங்கே கடதாசி போல மெலிந்திருப்பது தெரியும். உச்சி வகிட்டில் இன்னொன்று. அந்த இடத்தில் முடி இனி வராது. தழும்பான பிறகு எந்தக் கிறீமும் அதைத் திருப்பித் தராது. அதனால் புதியது வராமல் காப்பதுதான் முழு வைத்தியமும். அவருக்குக் கொடுக்கும் ஹைட்ரொக்சிகுளோரோகுயின், ஊரில் வயதானவர்கள் மலேரியாக் காலத்தில் விழுங்கிய குளோரோகுயினின் உறவுக்கார மாத்திரை. 2016இல் இலங்கை மலேரியா அற்ற நாடு என்று உலக சுகாதார நிறுவனம் சான்று தந்த பிறகும் அது எங்கள் வீடுகளில் இருப்பது லூபஸால்தான். மாத்திரை உள்ளே வேலை செய்யும். வெளியே வெயிலை மறைக்காவிட்டால் அதன் உழைப்பில் பாதி வீண். சுருட்டோ சிகரெட்டோ பிடிக்கிறவர்களுக்கு அந்த மாத்திரை சரியாக வேலை செய்யாது என்பதையும் ஆண் நோயாளிகள் தெரிந்திருப்பது நல்லது.

"இதைப் பூசிக்கொண்டு மண்ணுக்குள் குந்தினால் மாவில் புரட்டிய மீன்போல இருக்கிறது, தங்கச்சி," என்று அக்கா சொன்னதை நான் முதலில் சாட்டு என்று நினைத்தேன். ஒரு சனிக்கிழமை அவருடன் கச்சான் பிடுங்கப் போனேன். சோளகக் காற்று. எட்டு மணிக்குள் கையில் பூசியிருந்த கிறீமின் மேல் புழுதி படிந்து செம்மண் சாந்தாகிவிட்டது. வியர்வை வழிய, சட்டை நுனியால் துடைத்தேன், கிறீமும் போய்விட்டது. தண்ணீருக்குத் தாங்கும் என்று அச்சிட்ட ரியூப்கூட 40 நிமிடத்துக்கோ 80 நிமிடத்துக்கோதான் அந்தப் பேச்சைக் காப்பாற்றும், அதுவும் துடைக்காமல் இருந்தால். இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை கை கழுவித் திரும்பப் பூசுவது வயலில் நடக்கிற காரியமில்லை.

துணியோ காலையில் போட்டால் மாலை வரை அப்படியே இருக்கும். வியர்வையில் கரையாது, மறந்துபோகாது, ஆறு நாளில் தீராது. வயலில் நிற்கும் தோல் நோயாளிக்கு முழுக்கைச் சட்டையும் அகன்ற தொப்பியும் முதல் மருந்து, ரியூப் இரண்டாவது மருந்து என்று நான் உறுதியாகச் சொல்வேன். ஆனால் எல்லாத் துணியும் ஒன்றல்ல. வெளுத்து வெளுத்து மெலிந்த வெள்ளைப் பருத்திச் சட்டை கதிரில் ஐந்தில் ஒரு பங்கையோ ஆறில் ஒரு பங்கையோ உள்ளே விடும். நனைந்து உடம்போடு ஒட்டினால் இன்னும் கூடுதலாக விடும். சட்டையை வெளிச்சத்துக்கு எதிரே விரித்துப் பிடியுங்கள். இழைகளுக்கிடையே வெளிச்சப் பொட்டுகள் தெரிந்தால் அது வயலுக்கு ஆகாது. நெருக்கமாக நெய்த, சற்று அடர்ந்த நிறத் துணி நல்லது. அக்கா முதலில் அத்தானின் பழைய சட்டையைத்தான் போட்டார். இப்போது விளையாட்டுக்குப் போடும் முழுக்கை ஜேர்சி இரண்டு வைத்திருக்கிறார். பொலியெஸ்டர் நூல் இயல்பாகவே புற ஊதாக் கதிரை நன்றாக உறிஞ்சும். கழுவினால் அரை மணியில் காயும். புழுக்கம் இருக்கிறது, அதை மறைக்கவில்லை. அந்தப் புழுக்கத்துக்கு அவர் கண்டுபிடித்த வழி, ஒரு அளவு பெரிதாக வாங்குவது. உள்ளே காற்றோடுகிறது.

தொப்பியில்தான் பெரும்பாலானோர் ஏமாறுகிறார்கள். முன்னுக்கு மட்டும் நீட்டிய கிரிக்கெட் தொப்பி மூக்கைக் காக்கும். லூபஸ் விரும்பி வருகிற காதையும் பிடரியையும் திறந்து விட்டுவிடும். சுற்றிவர நான்கு விரல் அகலமாவது விளிம்பு வேண்டும். பனையோலைத் தொப்பி அகலத்தில் அருமையானது, ஆனால் பின்னலின் துவாரங்களால் வெயில் ஊசி ஊசியாக இறங்கும். உட்புறம் ஒரு கறுப்புத் துணியை வைத்துத் தைத்தால் சரியாகிவிடும். குடை பஸ் நிறுத்தத்துக்கும் சந்தைக்கும் நல்ல துணை. நெருக்கமான கறுப்புக் குடை தன் மேல் நேராக விழும் புற ஊதாக் கதிரில் 90 சதவீதம் வரை நிறுத்தும். பக்கத்திலிருந்து வருவதற்கு அதனிடம் பதில் இல்லை. முல்லைத்தீவுக் கடற்கரையின் காய்ந்த மணல் மட்டும் 15 சதவீதத்தைக் கீழிருந்து மேலே எறிகிறது. கரைவலை இழுக்கிறவரும் கருவாடு காயவைக்கிற பெண்ணும் தாடைக்கடியில் கறுப்பது அதனால்தான். அவர்களுக்குத் தொப்பியோடு கழுத்தைச் சுற்றித் துணியும் வேண்டும்.

வெயில் நேரத்தை மாற்றிக்கொள்வது எல்லாவற்றிலும் மலிவு என்பார்கள். சொந்தக் காணி உள்ளவருக்கு அது உண்மை. அக்கா ஐந்தரைக்கு இறங்கி ஒன்பதரைக்கு ஏறிவிடுகிறார், மீண்டும் நான்குக்குப் பிறகுதான் போகிறார். கூலிக்குப் போகிறவருக்கு நேரம் அவருடையதல்ல. முழு நாள் நின்றால்தான் முழுக் கூலி. அவரிடம் பத்து மணிக்கு மேல் வெளியே போகாதே என்று சொல்வது, சொன்னவரின் கடமையை மட்டும் தீர்க்கும். அவருக்கு உதவக்கூடியது சட்டையும் தொப்பியும்தான்.

இனி என் பக்கம். இங்கே தராசு மறுபக்கம் சாய்கிறது. மங்கு முகத்தில் வருகிற நோய். முகத்தைத் துணியால் மூடிக்கொண்டு வகுப்பில் பாடம் நடத்த முடியாது. அதைவிட முக்கியமான இன்னொரு காரணம் இருக்கிறது. மங்கைக் கறுக்கச் செய்வது புற ஊதாக் கதிர் மட்டுமல்ல, கண்ணுக்குத் தெரியும் வெளிச்சமும்தான், குறிப்பாக அதிலுள்ள நீல ஒளி. சாதாரண வெள்ளை நிறச் சன்ஸ்கிறீன், எஸ்.பி.எஃப். எவ்வளவு இருந்தாலும், அந்த வெளிச்சத்தைத் தடுப்பதில்லை. தடுப்பது இரும்பு ஒக்சைட் கலந்த, தோல் நிறத்தில் இருக்கும் கிறீம். 2014இல் மெக்சிக்கோவில் 68 மங்கு நோயாளிகளை இரண்டாகப் பிரித்து எட்டு வாரம் பார்த்தார்கள். எல்லோருக்கும் மங்கை வெளுக்கச் செய்யும் ஹைட்ரோகுயினோன் மருந்தைக் கொடுத்தார்கள். ஒரு பகுதிக்குப் புற ஊதாக் கதிரை மட்டும் தடுக்கும் சன்ஸ்கிறீன், மறுபகுதிக்கு அதனுடன் இரும்பு ஒக்சைட்டும் சேர்ந்தது. இரண்டாம் பகுதியினருக்குத்தான் மங்கு நன்றாகக் குறைந்தது. இது எனக்கு ஐந்தாவது வருடத்தில்தான் தெரிய வந்தது. அதுவரை நான் வாங்கிய வெள்ளைக் கிறீம்கள் எதுவும் போலியானவை அல்ல, என் நோய்க்கு உரியவை அல்ல.

நிறக் கிறீமில் எங்களுக்கு ஒரு உண்மையான தொல்லை இருக்கிறது. கடையில் கிடைப்பவை பெரும்பாலும் வெளிறிய நிறத்துக்குப் பொருந்தும் ஒரே சாயல். கறுத்த முகத்தில் பூசினால் சாம்பல் பூத்ததுபோல நிற்கும். சின்க் ஒக்சைட், டைட்டேனியம் டைஒக்சைட் மட்டும் உள்ள வெள்ளைக் கிறீமும் அப்படித்தான், ஆனால் எரிச்சல் தராது. உடனே ஒவ்வாமை காட்டுகிற தோலுக்கும் குழந்தைகளுக்கும் அதுதான் பாதுகாப்பு. நான் செய்தது, கடையில் மாதிரிப் போத்தலைக் கேட்டு, கன்னத்தில் வைக்காமல் தாடையோரத்தில் வைத்து, வாசலுக்கு வந்து வெயில் வெளிச்சத்தில் பார்த்தது. மூன்றாவது கடையில் ஒன்று கிடைத்தது. விலை முந்தியதைவிட அதிகம். மங்குக்காரர் காசைச் செலவழிக்க வேண்டிய ஒரே இடம் இது என்பதால் கொடுத்தேன்.

வாங்கும்போது எஸ்.பி.எஃப். எண்ணை மட்டும் பார்த்துவிட்டு வராதீர்கள். தோலைத் தொடும் புற ஊதாக் கதிரில் ஏ, பி என்று இரண்டு வகை உண்டு. அந்த எண் பி வகைக் கதிரையே பெரிதும் குறிக்கிறது. மங்குக்கும் லூபஸுக்கும் ஏ வகையும் எதிரி. இரண்டு வகையையும் தடுக்கும் என்று பொருள்படும் பிரோட் ஸ்பெக்ட்ரம் என்ற சொல் அச்சிட்டிருக்கிறதா, ஏ வகைத் தடுப்பைக் காட்டும் பி.ஏ. என்ற எழுத்துகளுக்குப் பின்னால் மூன்று நான்கு கூட்டல் குறி இருக்கிறதா என்று பாருங்கள். ஏ வகைக் கதிர் கண்ணாடியையும் தாண்டும். அமெரிக்காவில் 28 வருடம் லொறி ஓட்டிய ஒருவரின் முகத்தின் இடப்பக்கம் மட்டும் சுருங்கித் தடித்திருந்த படம் 2012இல் மருத்துவ இதழொன்றில் வந்தது. அங்கே சாரதியின் யன்னல் இடப்பக்கம். ஏ9 வீதியில் வருடக்கணக்காக பஸ் ஓட்டுகிற நம் சாரதிகளின் வலது முன்கையையும் இடது முன்கையையும் அடுத்த முறை ஒப்பிட்டுப் பாருங்கள். வவுனியாவிலிருந்து கிளினிக்குக்கு பஸ்ஸில் வருகிற நோயாளி வெயில் விழாத பக்கத்து இருக்கையைத் தேடிப் பிடிப்பது செலவில்லாத வைத்தியம்.

ஹெல்மெட்டின் முன்கண்ணாடி பொலிகாபனேட் என்ற உறுதியான பிளாஸ்டிக்காக இருந்தால் புற ஊதாக் கதிரை ஏறக்குறைய முழுதாக நிறுத்திவிடும். லூபஸ்காரருக்கு அது பெரும் உதவி. ஆனால் தெளிந்த கண்ணாடி வெளிச்சத்தை விடும்; எனவே எனக்கு அது பாதிதான். பள்ளிக்கூடம் விடுவது ஒன்றரைக்கு. நிழல் காலடியில் கிடக்கிற அந்த நேரத்தில் பதினெட்டுக் கிலோமீற்றர் ஓட வேண்டும். காலை ஆறே முக்காலுக்குப் பூசிய கிறீம் அதற்குள் வியர்வையோடு போய்விட்டிருக்கும். ஆசிரியர்கள் பலர் இந்த இரண்டாம் பூச்சைத்தான் விட்டுவிடுகிறார்கள். நான் ஒன்றேகாலுக்கு ஆசிரியர் அறையில் முகம் துடைத்துவிட்டுத் திரும்பப் பூசுகிறேன். ரியூப்பை மோட்டார் சைக்கிள் பெட்டியில் வைப்பதில்லை. அந்தச் சூட்டில் கிறீம் பிரிந்து எண்ணெய் மேலே மிதக்கும், பிறகு அதை நம்ப முடியாது.

எல்லோருக்கும் இந்தத் தினப்பூச்சு வேண்டுமா என்று கேட்பவர்களுக்கு என் பதில்: வேண்டாம். அவுஸ்திரேலியாவின் நம்பூர் என்ற ஊரில் 1992இல் தொடங்கி 1,621 பேரை வைத்துச் செய்த ஆய்வு, தினமும் சன்ஸ்கிறீன் பூசியவர்களுக்குத் தோல் புற்று குறைந்ததைக் காட்டியது. உண்மையான, பெறுமதியான ஆய்வு. ஆனால் அவர்கள் வெண்ணிறத் தோலினர். எங்கள் தோலுக்குக் கறுப்பு நிறம் தரும் மெலனின் பிறப்பிலேயே கிடைத்த ஒரு சிறிய கவசம். தோல் நோயில்லாத, மருந்தெதுவும் எடுக்காத ஒரு வன்னி விவசாயி 3,000 ரூபாயைத் தினப்பூச்சுக்குக் கொடுக்க வேண்டியதில்லை. தொப்பி போடட்டும், தண்ணீர் குடிக்கட்டும். அந்தக் கவசம் போதாதவர்கள் வேறு. வெண்புள்ளி உள்ளவர்களுக்கு அந்த வெள்ளை இடத்தில் மெலனின் இல்லை, வெயிலில் கொப்பளிக்கும். பிறவியிலேயே நிறமி இல்லாத பிள்ளைக்குச் சட்டை, தொப்பி, கிறீம் மூன்றும் நாளும் வேண்டும். வகுப்பில் யன்னலோரம் இருத்தவும் கூடாது. முகப்பருவுக்கு டொக்சிசைக்கிளின் எடுப்பவர், இரவில் ட்ரெட்டினோயின் பூசுபவர், அந்த மருந்துகள் தோலை வெயிலுக்குக் கூச வைப்பதால், மருந்து நிற்கும் வரை கவனமாக இருக்க வேண்டும்.

போர் தந்த தழும்புகளைப் பற்றியும் சொல்லாமல் போக முடியாது. எங்கள் வீடுகளில் எரிகாயத் தழும்பும் செல் சிதறலின் தழும்பும் இல்லாத தெரு இல்லை. கறுத்த தோலினருக்கு வரும் ஒருவகைத் தோல் புற்று, வெயில் பட்ட நல்ல தோலைவிடப் பழைய எரிகாயத் தழும்பிலும் ஆறாத புண்ணிலும் தோன்றுவதே அதிகம். அதற்குச் சன்ஸ்கிறீன் தீர்வல்ல. பத்துப் பதினைந்து வருடத் தழும்பில் திடீரென ஒரு புண் வந்து, ஒரு மாதமாகியும் ஆறாமல், ஓரம் தடித்தால், எண்ணெய் பூசிக்கொண்டு இருக்காமல் கிளினிக்கில் காட்டுங்கள். அக்காவின் லூபஸ் தழும்புக்கும் இதே எச்சரிக்கை உண்டு.

சன்ஸ்கிறீன் முற்றிலும் தவறான விடையாகிற ஒரு நோயும் எங்கள் மண்ணில் இருக்கிறது: பார்த்தீனியம் ஒவ்வாமை. இந்திய அமைதிப்படை வந்த காலத்தில் ஆட்டுக் கடாக்களோடு வவுனியாவுக்கு வந்ததாகச் சொல்லப்படும் அந்த வெள்ளைப்பூச் செடி இன்று வீதியோரமெல்லாம் நிற்கிறது. அதன் தூள் காற்றில் வந்து முகத்திலும் கழுத்திலும் கையிலும் சொறியாகிறது. பார்த்தால் வெயில் ஒவ்வாமைபோலவே இருக்கும். வேறுபாட்டைக் கண்ணாடி முன் நின்று நீங்களே பார்க்கலாம். வெயிலால் வருவது நிழல் விழும் இடங்களை விட்டுவிடும்: தாடையின் அடி, காதின் பின்புறம், மேலிமையின் மடிப்பு. காற்றில் வரும் தூளுக்கு நிழல் கிடையாது. அந்த மூன்று இடத்திலும் சொறி இருக்கும். அப்படியென்றால் காசை ரியூப்புக்குக் கொடுக்காமல், பூக்கும் முன்பே செடியைக் கையுறையோடு பிடுங்கச் செலவிடுங்கள். பிடுங்குவது வேறு யாராவதாக இருக்கட்டும், ஒவ்வாமைக்காரர் அல்ல. வருடக்கணக்கில் விட்டால் அந்தத் தோல் வெயிலுக்கும் கூசத் தொடங்கிவிடும். அப்போது இரண்டு வைத்தியமும் தேவைப்படும்.

மலிவான மாற்று என்று சொல்லப்படும் சிலவற்றை ஒரே மூச்சில் தள்ளிவிடுகிறேன். சந்தனம், கற்றாழை குளிர்ச்சி தரும், கதிரை மறைக்காது. முகப்பவுடரும் அப்படியே. தேசிக்காய்ச் சாற்றை முகத்தில் தேய்த்துக்கொண்டு வெயிலில் போனால், அந்தச் சாற்றிலுள்ள பொருள் ஏ வகைக் கதிரோடு சேர்ந்து தோலைச் சுட்டுக் கொப்பளமாக்கும். ஆறிய பிறகு வழிந்த கோட்டிலேயே கறுத்துக் கிடக்கும். எல்லாவற்றையும்விட எனக்குப் பயம் தருவது, ஒரு கிழமையில் வெள்ளையாக்குவோம் என்று விற்கும் பெயர் தெரியாத கிறீம்கள். என் வகுப்புப் பிள்ளைகளில் இருவர் பூசிக்கொண்டு வந்தார்கள். உள்ளே பாதரசமோ வீரியமான ஸ்டீரொய்ட்டோ இருந்தால் முதலில் முகம் பளிச்சிடும். ஸ்டீரொய்ட் சில மாதத்தில் தோலை மெலியவைத்து, மெல்லிய இரத்தக் குழாய்களைச் சிவப்பாகக் காட்டி, பருக்களைக் கிளப்பி, வெயிலைத் தாங்காத முகமாக்கிவிடும். பாதரசம் சிறுநீரகத்துக்குப் போகும். மங்குக்கு இதைத்தான் நானும் முதல் வருடத்தில் பூசினேன். நிறுத்தியபோது முகம் நெருப்பாக எரிந்தது. மங்கு முன்னிருந்ததைவிடக் கறுத்தது.

உடம்பை இப்படி மூடுகிறவருக்கு விற்றமின் டி குறையலாம். மீனும் முட்டையும் சாப்பிடலாம். லூபஸ்காரர் அடுத்த இரத்தப் பரிசோதனையோடு அதையும் பார்க்க முடியுமா என்று வைத்தியரைக் கேட்கலாம்.

நாங்கள் இருவரும் கடைசியில் வந்து நின்ற இடம் இது. அக்காவுக்கு இரண்டு ஜேர்சி, உள்ளே துணி தைத்த பனையோலைத் தொப்பி. ரியூப் முகத்துக்கும் காதுக் குழிக்கும் கழுத்தின் முன்பக்கத்துக்கும் புறங்கைக்கும் மட்டும், காலையில் ஒரு தடவை, முழு அளவில். 50 கிராம் இப்போது நான்கு கிழமை வருகிறது. வகிட்டை அவர் நாளுக்கொரு பக்கம் மாற்றி எடுக்கிறார். அதற்குச் செலவே இல்லை. எனக்கு நிறக் கிறீம், இரண்டு விரல் நீளம், பள்ளி நாளில் இரண்டு தடவை. மூன்றரைக் கிழமையில் ஒரு ரியூப். கைக்குப் பூசுவதை நிறுத்திவிட்டேன், முழுக்கைச் சட்டை போட்டு ஓடுகிறேன். கிளினிக்குக்குப் போகும்போது இருவரும் பாவிக்கிற ரியூப்களைப் பையில் போட்டுக்கொண்டு போய் மேசையில் வைக்கிறோம். வைத்தியர் எழுதியதற்கும் நாம் பூசுவதற்கும் இடையில் என்ன இருக்கிறது என்று அவருக்கு அப்போதுதான் தெரிகிறது.

என் கன்னத்து மங்கு தேநீர்ச் சாய அளவுக்கு வெளுத்திருக்கிறது, போகவில்லை. அக்காவுக்கு இந்தப் பெரும்போகம் முழுவதும் புது வட்டம் எதுவும் வரவில்லை. தொப்பியின் கயிற்றை மட்டும் இரண்டு தடவை மாற்றிவிட்டார். சோளகத்துக்கு முன் இன்னும் தடித்த ஒன்று வாங்கி வரச் சொல்லியிருக்கிறார்.